இரட்டைக் கழிவும் விரிதாள் கணக்கும்

ரூ. 12,000 விலை குறித்த நீர் இறைக்கும் மோட்டாருக்கு ஒரு வியாபாரி நூற்றுக்கு 30 வீதம் கழிவு தருகிறார். மற்றொருவர் முதலில் 20 வீதமும், எஞ்சிய தொகையில் 10 வீதமும் தருகிறார். இரண்டும் ஒன்றே என அங்கத்தினர் பலர் கருதுவதை நாம் கண்டிருக்கிறோம்.

எக்ஸெல் விரிதாளில் ஏ2 கட்டத்தில் விலையையும், பி2, சி2 கட்டங்களில் 20%, 10% என்றும் இடுக. டி2 கட்டத்தில் =ஏ2*(1-பி2)*(1-சி2) என்னும் சூத்திரத்தை ஆங்கில எழுத்துகளில் அமைத்தால் 8,640 வரும். முதல்வரிடம் விலை 8,400 தான். ரூ. 240 ஊராட்சிப் பணமன்றோ!

சதவிகிதக் குறிகளை மறந்து 20, 10 என்று மட்டும் இட்டாலோ, மோட்டாரின் விலை ரூ. 20,52,000 ஆகிவிடும்! இரு விலைகளிலும் வரி சேர்ந்துள்ளதா என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.