செய்தியும் நாடகமும்

1947 ஆகஸ்ட் 15 அன்று விடியற்காலையில், நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தில்லி வானொலியில் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். பணிக்காகத் தலைநகர் சென்ற அவர், அங்கு வாழ்ந்த தமிழர்களோடு சேர்ந்து நாடகங்களில் நடித்தார். சென்னைக்கு வந்தபின் சுஜாதா எழுதிய ‘கடவுள் வந்திருந்தார்’, ‘ஊஞ்சல்’ முதலிய நாடகங்களை மேடையேற்றினார். தொலைக்காட்சியிலும் நடித்தார்.

அவர் கதாநாயகர் அல்லர். ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) திரைப்படத்தில், தில்லியில் வேலை தேடி அலையும் இளைஞனின் தந்தையாக நடித்தார். தில்லி அவருக்குப் புதிய ஊரா என்ன! சிறிய வேடமாயினும் சொல்லின் கடைசி எழுத்தையும் அவர் விழுங்கமாட்டார். செய்தி வாசித்துப் பழகிய நா அல்லவா?

பயிற்சி: இப்பாடத்தில் ல, ள, ழ வரும் சொற்களை வட்டமிடுக. பின்னர், செய்தி வாசிப்பவரைப் போல் முதற்பத்தியை உரக்கப் படிக்க.