படபடப்புக்கு அபிளேஷன்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 31. மூன்று வருடங்களாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. குனிந்து நிமிரும்போது ஆரம்பிக்கும். கால் மணி நேரத்தில் சட்டென்று நின்றுவிடும். மனப்பதற்றம் என்றே எல்லோரும் சொன்னார்கள். போன மாதம் நிற்கவே இல்லை. மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தபோது துடிப்பு நிமிடத்துக்கு 190. ஊசி போட்டதும் நின்றது. ‘எஸ்.வி.டி.’ என்று சொல்லி, அபிளேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். இதயத்தில் சூடு வைப்பார்களாமே என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மாத்திரை போதாதா? அடுத்த குழந்தைக்கும் திட்டமிட்டிருக்கிறோம்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பதற்றத்தால் வரும் படபடப்பு மெல்லக் கூடி மெல்லத்தான் அடங்கும். உங்களுக்கு வந்தது சுவிட்ச் போட்டதுபோல் தொடங்கி, அணைத்ததுபோல் நிற்கிறது. இதயத்தின் மின்பாதையில் உள்ள இந்தக் கோளாறைத்தான் எஸ்.வி.டி. என்கிறார்கள்.

மேலறைகளில் பிறக்கும் மின்தூண்டல் ‘ஏ.வி. கணு’ வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. சிலருக்கு அந்தக் கணுவை ஒட்டி வேகமான பாதை ஒன்றும் மெதுவான பாதை ஒன்றும் இருக்கும். தூண்டல் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தால் துடிப்பு எகிறிவிடும். எஸ்.வி.டி.யில் அதிகம் காணப்படும் வகை இது. பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. வேறு சிலருக்குப் பிறவியிலேயே ஒரு கூடுதல் மின் இழை இருக்கும். உங்களுக்குப் போட்டது அடினோசின் ஊசியாக இருக்கும். அது கணுவைச் சில விநாடிகள் தடுத்து, சுற்றை அறுத்துவிடுகிறது.

மாத்திரை சுற்றை அடக்கி வைக்கும். பாதை அப்படியே இருக்கும். பாதையையே செயலிழக்கச் செய்வதுதான் அபிளேஷன். 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், கூடுதல் இழையை வெட்ட நெஞ்சைத் திறந்தே அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்று தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கதீட்டர்களை இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். பிறகு உங்கள் படபடப்பை வேண்டுமென்றே தூண்டிவிடுவார்கள். அதே துடிப்பு வந்ததும் கலங்காதீர்கள். சுற்று எங்கே இருக்கிறது என்பதை அப்போதுதான் கண்டுபிடிக்க முடியும். அந்த இடத்தில் ரேடியோ அலையால் சூடேற்றும்போது சில மில்லிமீட்டர் திசு மட்டும் செயலிழக்கும். நெஞ்சில் லேசான எரிச்சல் தெரியலாம். அரை மணி நேரம்போலக் காத்திருந்து மறுபடி தூண்டிப் பார்ப்பார்கள். படபடப்பு வராவிட்டால் வேலை முடிந்தது. பெரும்பாலோர் மறுநாளே வீடு திரும்பலாம்.

உங்கள் வகையில் 100 பேரில் 95 பேருக்கு மேல் இது வெற்றி பெறுகிறது. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடையில் ரத்தக்கட்டு வரலாம். கணுவே பாதிக்கப்பட்டு நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படுவது சுமார் 100இல் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற தாறுமாறான துடிப்புக்கும் அபிளேஷன் உண்டு. அதில் வெற்றி விகிதம் குறைவு, சிலருக்கு மறுமுறையும் தேவைப்படும். அந்தக் கதையைக் கேட்டு நீங்கள் பயப்பட வேண்டாம்.

கருவுற்ற காலத்தில் இந்தப் படபடப்பு அடிக்கடி வரலாம். அப்போது மாத்திரைகளுக்கும் எக்ஸ்ரே கதிர்வீச்சுக்கும் தயங்க வேண்டியிருக்கும். எனவே கருத்தரிப்பதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது.

அதுவரை படபடப்பு வந்தால், சாய்ந்து உட்கார்ந்து, வாயை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டு 15 விநாடி முக்குங்கள். உடனே மல்லாந்து படுத்து, கால்களை ஒருவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பலருக்கு இதிலேயே நின்றுவிடும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

போன மாதம் எடுத்த ஈசிஜியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இதய மின்னியல் நிபுணரைப் பாருங்கள். இத்தகைய சிகிச்சையை அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரையும் பயமுமாக இருப்பதைவிட, உங்கள் வயதில் அபிளேஷனே சரியான வழி.