பூட்டுக்கு முன்னே பதிவேடு: சுவிட்ச்சில் ஏ.ஆர்.பி. இன்ஸ்பெக்ஷன்



ஏ.ஆர்.பி. என்றால் நமக்கு இரண்டு மார்க் கேள்வி. "ஐ.பி. முகவரியைக் கொண்டு மேக் முகவரியைக் கண்டறியும் நெறிமுறை" என்று எழுதினால் முடிந்தது. ஆனால் அந்த இரண்டு மார்க் விஷயம், போன வருஷம் மாடல் பிராக்டிகலுக்கு முதல் நாள் எங்கள் லேபையே படுக்க வைத்துவிட்டது. அந்த அனுபவத்தில் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஏ.ஆர்.பி.யின் வெள்ளை மனசு

நம் ஹாஸ்டலை நினைத்துக்கொள்ளுங்கள். பார்சல்காரர் வராந்தாவில் நின்று, "12-ஆம் நம்பர் ரூம் யாருப்பா?" என்று கூப்பிடுகிறார். "நான்தான்" என்று எவன் கையை நீட்டினாலும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஏ.ஆர்.பி.யும் அப்படித்தான். 1982-இல் டேவிட் பிளம்மர் ஆர்.எஃப்.சி. 826-இல் வகுத்த இந்நெறிமுறையில், பதில் சொல்பவர் உண்மையானவரா என்று சோதிக்க வழியில்லை. யாரும் கேட்காமலே ஒரு கம்ப்யூட்டர், "192.168.10.1 நான்தான்" என்று சொன்னால் மற்றவை பெரும்பாலும் நம்பிவிடும். அது கேட்வேயின் முகவரியாக இருந்தால், எல்லோருடைய டேட்டாவும் அந்தத் திருடன் வழியாகத்தான் போகும். இதுவே ஏ.ஆர்.பி. ஸ்பூஃபிங்.

வார்டனும் பதிவேடும்

இதைத் தடுக்க சிஸ்கோ போன்ற மேனேஜ்டு சுவிட்ச்சுகளில் உள்ள வசதி டைனமிக் ஏ.ஆர்.பி. இன்ஸ்பெக்ஷன். வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் வார்டன் மாதிரி. நம்பிக்கையற்ற போர்ட்டில் வரும் ஒவ்வொரு ஏ.ஆர்.பி. பாக்கெட்டையும் பதிவேட்டோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிடும்.

அந்தப் பதிவேட்டை எழுதுவது டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங். எந்த மேக், எந்த ஐ.பி., எந்த விலான், எந்த போர்ட் என்று, டி.எச்.சி.பி. முகவரி கொடுக்கும்போதே குறித்துக்கொள்ளும்.

நாங்கள் செய்த கூத்து

நாங்கள் என்ன செய்தோம்? பதிவேட்டைப் பற்றி யோசிக்காமல் இன்ஸ்பெக்ஷனை மட்டும் ஆன் செய்தோம். முதலில் ஒன்றும் ஆகவில்லை. "சூப்பர்டா, முடிஞ்சுது!" என்று கைகொடுத்துக்கொண்டோம். கம்ப்யூட்டர்களின் பழைய ஏ.ஆர்.பி. நினைவு காலாவதி ஆக ஆக, ஒவ்வொன்றாகத் துண்டித்துக்கொண்டது. ஜூனியர்கள் சர்வரில் சேமித்துக்கொண்டிருந்த புரோகிராம்கள் பாதியில் நின்றன. நாங்களோ கேபிளைக் கழற்றி ஆர்.ஜே.45-ஐ மறுபடி கிரிம்ப் செய்துகொண்டிருந்தோம்!

சார் வந்து கன்சோலைப் பார்த்தார். ஏ.ஆர்.பி.யை நிராகரித்த செய்திகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. "சுவிட்ச் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. நீங்கதான் அதுகிட்ட பதிவேடு குடுக்கலை" என்றார்.

செய்ய வேண்டிய வரிசை

விலான் 10 என்று வைத்துக்கொள்வோம்.

1. குளோபல் கான்ஃபிக் மோடில்: ஐ.பி. டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங், அடுத்து ஐ.பி. டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் விலான் 10.

2. கேட்வே, டி.எச்.சி.பி. சர்வர் இருக்கும் பக்கம் போகும் அப்லிங்க் போர்ட்டில்: ஐ.பி. டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் டிரஸ்ட், ஐ.பி. ஏ.ஆர்.பி. இன்ஸ்பெக்ஷன் டிரஸ்ட். இதை மறந்தால் கேட்வேயின் பதிலே தடைபடும். மாணவர் உட்காரும் போர்ட்டுக்கு டிரஸ்ட் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் வார்டன் தூங்குகிறார் என்று அர்த்தம்.

3. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஐ.பி. முகவரியை ரினியூ செய்யுங்கள். பிறகு ஷோ ஐ.பி. டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் பைண்டிங். லேபில் 30 கம்ப்யூட்டர் என்றால் 30 வரி இருக்கிறதா என்று எண்ணுங்கள். வெட்கப்படாமல் எண்ணுங்கள்!

4. பிரிண்டர், சர்வர் போல கையால் முகவரி கொடுத்தவை பதிவேட்டில் வரா. அவற்றுக்கு ஏ.ஆர்.பி. ஆக்ஸஸ் லிஸ்ட் எழுதி, ஐ.பி.யையும் மேக்கையும் பெர்மிட் செய்து, இன்ஸ்பெக்ஷன் ஃபில்டராக விலானில் இணைக்க வேண்டும்.

5. கடைசியில்தான்: ஐ.பி. ஏ.ஆர்.பி. இன்ஸ்பெக்ஷன் விலான் 10.

6. ஷோ ஐ.பி. ஏ.ஆர்.பி. இன்ஸ்பெக்ஷன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கொடுத்து, எத்தனை பாக்கெட் தள்ளப்பட்டது என்று பாருங்கள். நல்லவர்கள் தள்ளப்பட்டால், முன்னால் ஒரு "நோ" போட்டு ஐந்தாம் கட்டளையைத் திரும்பப் பெறலாம்.

வைவாவில் மடக்கும் இடங்கள்

நம்பிக்கையற்ற போர்ட்டில் விநாடிக்கு 15 ஏ.ஆர்.பி. பாக்கெட்தான் வழக்கமான வரம்பு. மீறினால் போர்ட் எர்ர்-டிசேபிள் ஆகிவிடும். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு ஷட்டவுன், நோ ஷட்டவுன் கொடுத்து மீட்கலாம்.

கரண்ட் போய் சுவிட்ச் மறுபடி எழும்போது பதிவேடு காலி! ஸ்னூப்பிங் டேட்டாபேஸ் கட்டளையால் அதை ஃபிளாஷில் சேமித்து வைக்க வேண்டும்.

இன்னொன்று: ஐ.பி. பதிப்பு 6-இல் ஏ.ஆர்.பி.யே கிடையாது. அதற்கு இந்தக் காவல் உதவாது. தனிக் காவல் வேண்டும்.

ஸ்பூஃபிங் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாரின் அனுமதியோடு, தனியாகக் கட்டிய நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள். விளையாட்டுக்குச் செய்தாலும் அடுத்தவன் பாஸ்வேர்டு அடுத்தவனுடையதுதான்.

நண்பர்களே, நாளை நாம் ஆஸ்பத்திரியிலோ ஃபேக்டரியிலோ சுவிட்ச் முன் உட்காரப்போகிறோம். அங்கே நின்றுபோவது ஜூனியரின் புரோகிராமாக இருக்காது. பூட்டு போடுவது ஒரு வரிக் கட்டளைதான். உள்ளே இருக்கவேண்டியவர் பெயரை முதலில் எழுதிவிட்டுப் பூட்டுவதுதான் டெக்னீஷியனின் வேலை.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறித் துறை