நீ மாற்றியது எந்த நஷ்டத்தை?

அவிநாசிபாளையம்

அன்புள்ள கண்ணு,

உன் கேள்வி என்னை விடவில்லை. ஒரு ஆர்டருக்கு எவ்வளவு கிரே துணி, அதாவது சாயமேற்றாத துணி, வேண்டும் என்று சொல்லும் உன் ஃபங்ஷனை நடுவில் நிறுத்தி, கன்சோலைத் திறந்து, ‘நஷ்டம்’ என்ற மாறியை 8-லிருந்து 12 ஆக்கினாய். அச்சிட்டுப் பார்த்தாய், 12 என்றது. கன்சோலை மூடியதும் ஃபங்ஷன் பழைய 8-ஐ வைத்தே 1087 கிலோ என்று முடித்துவிட்டது. “பைத்தான் பொய் சொல்லுதுங்களா ஐயா?” என்று கேட்டிருந்தாய்.

முதலில் ஒன்று. 5000 பீஸ், பீஸ் ஒன்றுக்கு 200 கிராம், ஆக முடித்த துணி 1000 கிலோ. டையிங், காம்பாக்டிங்கில் 8 விழுக்காடு போகும் என்றால் 1000-த்தோடு 80-ஐக் கூட்டி 1080 என்று எழுதுகிறவர்கள் நம் பக்கத்துக் கம்பெனிகளில் நிறையப் பேர். போவது கிரே துணியில்தானே? நீ 0.92-ஆல் வகுத்திருக்கிறாய். அதுதான் சரி. நஷ்டம் 12 என்றால் 1136 கிலோவுக்கு மேல் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பைத்தான் பொய் சொல்லவில்லை. உன்னைக் குழப்பியது உனக்கு யாரோ சொல்லிக்கொடுத்த ஒரு வாக்கியம்: “பைத்தானில் எல்லா மாறியும் டிக்‌ஷனரிக்குள்தான் இருக்கிறது.” கணினி வகுப்புகளில் இதை மந்திரம்போல் ஓதுகிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஃபைலின் மேல்மட்டத்தில் எழுதும் மாறிக்கு அது உண்மை. கிளாஸின் உடலுக்குள்ளும் பெரும்பாலும் உண்மை. ஃபங்ஷனுக்குள் மட்டும் பொய். நாம் வேலை செய்வதோ பெரும்பாலும் ஃபங்ஷனுக்குள்தான்.

பைத்தான் உன் ஃபங்ஷனை ஓட்டுவதற்கு முன்பே முழுதாக ஒருமுறை படித்துவிடுகிறது. எந்தெந்தப் பெயருக்கு உள்ளே மதிப்பு கொடுக்கிறாய் என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அத்தனை இடங்களை வரிசையாக ஒதுக்குகிறது. ஆர்க்யுமென்ட்கள் முதலில், மற்றவை பிறகு. ஓடும்போது ‘நஷ்டம்’ என்ற பெயரை அது தேடுவதே இல்லை. “மூன்றாம் இடத்தில் இருப்பதை எடு” என்பதுதான் பைட்கோடு. லோட்_ஃபாஸ்ட் என்ற கட்டளையின் வேலை அவ்வளவே. ஒரே லூப்பை மேல்மட்டத்தில் எழுதுவதைவிட ஃபங்ஷனுக்குள் எழுதினால் வேகமாக ஓடுவது இதனால்தான். கீழ்வரியில் மதிப்பு கொடுக்கப்போகும் மாறியை மேல்வரியில் படித்தால் அன்பவுண்ட்லோக்கல்எரர் வருகிறதே, அதற்கும் இதே காரணம். வெளியே அதே பெயரில் ஒரு மாறி இருந்தாலும் அதைப் பார்க்காது. இடம் ஒதுக்கியாகிவிட்டது, இடம் காலியாக இருக்கிறது, அதனால் பிழை. இதை மனப்பாடம் செய்யாமல் டிஸ் மாட்யூலைக் கொண்டு உன் ஃபங்ஷனைப் பிரித்துப் பார். நாலு வரி ஃபங்ஷனைப் பிரித்துப் பார்த்தவருக்குத் தெரிவது நானூறு பக்கம் படித்தவருக்கும் தெரியாது என்பது என் உறுதியான நம்பிக்கை.

லோக்கல்ஸ் என்று அழைத்தால் கையில் கிடைக்கும் டிக்‌ஷனரி அந்த இடங்களைப் பார்த்து எழுதிய நகல். உன் கன்சோலுக்கு நீ கொடுத்தது அந்த நகலை. டெலிவரி சலானின் ஜெராக்ஸில் 500 கிலோவை 480 என்று திருத்திவிட்டு, நிட்டிங் கம்பெனியின் கணக்கு ஏன் மாறவில்லை என்று கேட்கலாமா? நகலைத் திருத்தினாய், நகலை அச்சிட்டாய், நகல் 12 என்றது.

“லிஸ்டில் சேர்த்தால் மட்டும் ஒட்டுகிறதே” என்றும் எழுதியிருந்தாய். ஒட்டும். நகலில் இருப்பதும் ஃபங்ஷனின் இடத்தில் இருப்பதும் ஒரே லிஸ்ட். அதற்குள் ஒன்றைச் சேர்த்தால் இரண்டு வழியாகவும் தெரியும். அதே பெயருக்குப் புது லிஸ்டைக் கொடுத்துப் பார், ஒட்டாது.

பைத்தானின் 2-ஆம் பதிப்பில், எழுத்தாகக் கொடுத்த நிரலை ஓட்டும் எக்ஸெக் ஒரு வாக்கியமாக இருந்தது. ஃபங்ஷனுக்குள் அது மாறிக்குக் கொடுத்த மதிப்பு ஃபங்ஷனிலும் ஒட்டும்; அதற்காகக் கம்பைலர் வேகமான வழியில் ஒரு பகுதியைக் கைவிடும். 2008-இல் 3.0 வந்தபோது எக்ஸெக் சாதாரண ஃபங்ஷன் ஆகிவிட்டது. அந்தச் சலுகையும் போயிற்று.

அதன்பிறகு, பிடிபி போன்ற டீபக்கரில் மட்டும் மாற்றம் ஒட்டியது. நிறுத்திய ஃபங்ஷனை விட்டு டீபக்கர் வெளியேறும்போது, நகலில் இருப்பதைத் திரும்ப இடங்களில் எழுதிவைக்கும் ஏற்பாடு உள்ளே இருந்தது. அது எந்த ஃபங்ஷனில் நின்றோமோ அதற்கு மட்டும். ‘அப்’ என்று அடித்து, அழைத்த ஃபங்ஷனுக்கு ஏறிப்போய் அங்கே மதிப்பை மாற்றினால் போச்சு. சத்தமே இல்லாமல் அழிந்துவிடும். பிழை என்று ஒரு வரி காட்டியிருந்தால்கூட மன்னிக்கலாம். மாற்றியதாகக் காட்டிவிட்டு மாற்றாமல் இருப்பது ஒரு கருவி செய்யக்கூடாத காரியம்.

இதைச் சரிசெய்யத்தான் எத்தனை ஆண்டுகள்! அலிசா காக்லன் 2017-இல் பெப் 558 என்ற முன்மொழிவை வைத்தார். 2021-இல் மார்க் ஷானன் இன்னும் எளிமையான ஒன்றை, பெப் 667 என்று கொண்டுவந்தார். கடைசியில் 558 விலக்கிக்கொள்ளப்பட்டு 667 ஏற்கப்பட்டது. 2024 அக்டோபரில் வெளியான 3.13-இல் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது, ஓடும் ஃபங்ஷனின் நிலையை வைத்திருக்கும் ஃப்ரேமில் உள்ள எஃப்_லோக்கல்ஸ் நகல் இல்லை, அந்த இடங்களுக்கே திறக்கும் கதவு. அதில் எழுதினால் ஃபங்ஷனின் மாறியே மாறும், மேலே ஏறிப்போய் எழுதினாலும் சரி. லோக்கல்ஸோ, ஃபங்ஷனுக்குள் ஒவ்வொரு அழைப்புக்கும் புத்தம்புது நகலைத் தரும். முன்பு அப்படியில்லை. அதே டிக்‌ஷனரியையே திரும்பத் திரும்பத் தந்து, ஒவ்வொரு முறையும் இடங்களைப் பார்த்துப் புதுப்பிக்கும். நீ எழுதிய 12-ஐ இன்னொரு லோக்கல்ஸ் அழைப்பு 8 ஆக்கிவிடும். இரண்டில் புதியதுதான் நேர்மையானது.

இந்த இடத்தில் லுவா மொழியின் கையேட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1993-இல் பிரேசிலில் பிறந்த சின்ன மொழி. அதில் ஓடும் ஃபங்ஷனின் உள்மாறியை மாற்ற டீபக்.செட்லோக்கல் என்று ஒன்று உண்டு. அதற்கு மாறியின் பெயரைக் கொடுக்க முடியாது. எத்தனையாவது மாறி என்ற எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பது எண்தான் என்பதை அந்த மொழி மறைக்கவில்லை. பைத்தானைக் கற்பிக்கிறவர்கள் அந்த ஒரு பக்கத்தைப் படித்தால் போதும் என்று நினைக்கிறேன்.

லிஸ்ப் மொழிக்காரர்கள் இன்னும் துணிச்சல்காரர்கள். 1998-இல் ஏவப்பட்ட டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில் ரிமோட் ஏஜென்ட் என்ற லிஸ்ப் நிரல் 1999 மே மாதம் ஓடியது. பூமியில் நடந்த சோதனைகளில் தலைகாட்டாத ஒரு ரேஸ் கண்டிஷன் அங்கே வந்து நிரல் முடங்கியது. கலத்தில் ஓடிக்கொண்டிருந்த கன்சோல்தான் பழுதைக் கண்டுபிடிக்க மிகவும் கைகொடுத்தது என்று அதில் வேலை செய்த ரான் காரட் எழுதியிருக்கிறார். ஓடும் நிரலுக்குள் கை நுழைப்பது விளையாட்டு வேலையல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி நீ செய்ய வேண்டியது. முதலில் உன் பைத்தான் எந்தப் பதிப்பு என்று பார். நீ இதுவரை திறந்துவந்த கோட் மாட்யூலின் இன்டராக்ட் கன்சோலை விட்டுவிடு. 3.13-இலும் அதற்கு லோக்கல்ஸைக் கொடுத்தால் நகல்தான். எஃப்_லோக்கல்ஸையே நேராகக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுத்தால் டைப்எரர் வரும், உள்ளே எக்ஸெக் உண்மையான டிக்‌ஷனரியைத்தான் குளோபலாக ஏற்கும். ஃபங்ஷனுக்குள் ப்ரேக்பாயிண்ட் என்று ஒரு வரி போடு, பிடிபி திறக்கும். அங்கே ‘நஷ்டம் = 12’ என்று அடி, ஒட்டும். மாறிக்கு ‘என்’, ‘சி’ என்று ஆங்கில ஒற்றை எழுத்துப் பெயர் வைத்திருந்தால் முன்னால் ஆச்சரியக்குறி வேண்டும், இல்லாவிட்டால் டீபக்கர் அதைத் தன் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர் வைத்த உனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிடிபிக்குள்ளேயே இன்டராக்ட் என்று அடித்துவிடாதே. அதுவும் தனி டிக்‌ஷனரியில்தான் ஓடுகிறது, பழைய இடத்துக்கே வந்து நிற்பாய்.

கன்சோலில் புதுப்பெயர் ஒன்றை உண்டாக்கி, ஃபங்ஷன் அதை எடுத்துக்கொள்ளும் என்றும் எதிர்பார்க்காதே. கம்பைல் ஆனபோதே இடங்கள் முடிவாகிவிட்டன. அந்தப் பெயர் ஃபங்ஷனில் எங்காவது இருந்தாலும் அதை வெளியே குளோபலில் தேடுமாறுதான் பைட்கோடு எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சோதனைக்கு மாற்று, பரவாயில்லை. நிஜ ஆர்டர் ஓடும்போது கன்சோலில் 12 என்று மாற்றிவிட்டு நூல் வாங்கச் சொல்லாதே. யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதற்கு எங்கும் எழுத்து இருக்காது. அடுத்த ஆர்டரில் மறுபடி 8 வந்து நிற்கும். டார்க் கலருக்கு ஒரு நஷ்டம், வெள்ளைக்கு ஒரு நஷ்டம் என்றால் அதை ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட்டாக அனுப்பு. மதிப்பை டேபிளில் வை, மாற்றியவர் பெயரும் தேதியும் அதில் பதியட்டும்.

உன் ஃபங்ஷனின் கோட் ஆப்ஜெக்ட்டில் கோ_வார்நேம்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் ‘நஷ்டம்’ எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, அந்த வரிசை எப்படி வந்தது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் ஐயா