கல் உதிர்ந்த காப்புகள்

அன்புள்ள கயல்விழிக்கு,

பழம் பாரசீகப் பொன் நகைகளில் பெரும்புகழ் பெற்றவை அகாமனிசியப் பேரரசின் காலத்தவை, கி.மு. 6 முதல் 4ஆம் நூற்றாண்டு வரை அந்த அரசு நிலைத்தது. அருங்காட்சியகங்களுக்கு இவை வந்து சேர்ந்த வழி மட்டும் ஒன்றுபோல் இல்லை.

இவற்றுள் ஒன்றான ஆக்சஸ் புதையல் 1880க்குச் சற்று முன்பு, இன்றைய தஜிகிஸ்தானில் ஆமூ தாரியா ஆற்றங்கரையில் கிடைத்தது. எந்தக் குழியில், எதன் பக்கத்தில் எது இருந்தது என்று எவரும் குறித்துவைக்கவில்லை. 1880இல் அதைக் கொண்டுசென்ற வணிகர்களைக் காபூலுக்கும் பெஷாவருக்கும் இடையே கொள்ளையர் மடக்க, பர்ட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி மீட்டார். அந்த வணிகர்களிடம் அவர் விலைக்கு வாங்கிய காப்பு இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் உடைமை. ராவல்பிண்டிக் கடைத்தெரு வழியாகக் கைமாறிய மற்றவற்றில் பெரும்பகுதி, சேகரிப்பாளர் பிராங்க்ஸின் உயில்படி 1897இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. பர்ட்டன் வாங்கிய காப்பின் ஜோடியும் அதில் அடக்கம்.

அந்தக் காப்பு முழு வட்டமல்ல, வாய் திறந்தது. இரு முனைகளிலும் கொம்பும் சிறகும் கொண்ட கற்பனை விலங்குகள் ஒன்றையொன்று முறைத்து நிற்கின்றன. விலங்குகளின் உடலெங்கும் சிறு சிறு குழிகள். நிறக் கற்களும் கண்ணாடியும் இழைப்பதற்கான அறைகள் அவை. இழைத்தவை ஏறக்குறைய எல்லாம் உதிர்ந்துவிட்டதால், இன்று பார்ப்பவர் இதை வெறும் பொன் வேலை என்றே எண்ணக்கூடும். செய்த காலத்தில் இது பளிச்சென்ற பலநிற நகை. பெர்சிபோலிஸ் அரண்மனைச் சுவர்ச் சிற்பங்களில் அரசனுக்குக் காணிக்கை கொண்டுவருவோர் கையில் இதே வகைக் காப்புகள் உள்ளன. அரசன் பிறருக்குப் பரிசாக வழங்கியவற்றில் காப்பும் உண்டு என்று கிரேக்க எழுத்தாளர் செனபோன் குறிப்பிடுகிறார்.

நிறம் எப்படி இருந்தது என்பதைச் சூசா நகரத்துக் கல்லறை காட்டுகிறது. 1901இல் தொல்லியலாளர் ழாக் தெ மோர்கன் அங்கே ஒரு வெண்கலச் சவப்பெட்டியைத் தோண்டியெடுத்தார். உள்ளே இருந்தவரின் உடலோடு சிங்கத்தலைக் கழுத்தணி, கைக்காப்புகள், மணிமாலைகள் இருந்தன. இவை பாரிஸின் லூவரில் உள்ளன. டர்க்காய்ஸின் இளநீலமும் லாபிஸ் லசூலியின் கருநீலமும் பல குழிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சூசா அரண்மனையைக் கட்டிய முதலாம் தாரியஸின் கல்வெட்டு மூலப்பொருள்களின் ஊரையும் சொல்கிறது: பொன் சார்டிஸிலிருந்தும் பாக்ட்ரியாவிலிருந்தும், லாபிஸ் சோக்தியானாவிலிருந்தும், டர்க்காய்ஸ் குவாரஸ்மியாவிலிருந்தும் வந்தன, பொன் வேலை செய்தவர்கள் மீடியரும் எகிப்தியரும். அரண்மனை வேலையைப் பற்றிய பட்டியல்தான் இது. என்றாலும் நகைப் பட்டறைக்கும் ஏறத்தாழப் பொருந்தும்.

ஆய்வாளருக்கு ஆக்சஸைவிடச் சூசாவே நம்பகமான சாட்சி. சவப்பெட்டியில் கிடந்த நாணயங்களைக் கொண்டே அந்த நகைகளைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வைக்க முடிந்தது. ஆக்சஸ் புதையலுக்கு அந்த வசதி இல்லை. சந்தையில் அதனோடு வந்த நாணயங்கள் உண்மையில் அதைச் சேர்ந்தவைதானா என்பதே இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஈரானின் பசர்கடேயில் டேவிட் ஸ்ட்ரோனக் 1960களில் நடத்திய அகழாய்விலும் ஒரு மண்குடம் நிறைய நகைகள் இருந்த இடத்திலேயே பதிவாகி வெளிவந்தன. பொற்காதணிகளும் வரையாட்டுத் தலை கொண்ட காப்புகளும் அதில் இருந்தன.

அன்புடன்,
சித்தப்பா