எட்டுக்கால் பூச்சி மேல் பழி போடாதீர்!



"ஐயா, ராத்திரி பிள்ளை கழுத்திலே எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெஞ்சிருச்சு" என்று ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் சூடு வைத்த மாதிரி நீளமாகச் சிவந்து, சிறுசிறு கொப்புளங்கள். சுவரில் இருந்த பூச்சியை விளக்குமாற்றால் அடித்துக் கொன்றும் விட்டார்களாம். கொன்றது நிரபராதியை!

நம் வீட்டுச் சுவரில் காலைப் பரப்பிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு நிற்கும் பழுப்பு நிறச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். நண்டு மாதிரி பக்கவாட்டிலும் ஓடும். இது வலை கட்டி இரை பிடிப்பதில்லை. பகலில் அலமாரி இடுக்கில் ஒளிந்திருந்து, இரவில் கரப்பான் பூச்சியை விரட்டிப் பிடித்துத் தின்னும். 1767-இல் சுவீடன் அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயரிலேயே 'வேட்டை' என்ற பொருள் இருக்கிறது. வயிற்றுக்கடியில் வட்டமான, தட்டையான வெள்ளைப் பை இருந்தால் அது தாய்ச் சிலந்தி, பைக்குள் முட்டைகள்.

கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கும். கடித்த இடம் வலிக்கும், வீங்கும். உயிருக்கு ஆபத்து இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதும். இது மூத்திரம் பெய்து கொப்புளம் வராது.

அப்படியானால் குற்றவாளி யார்? மலாய்க்காரர்கள் 'செமுட் காயாப்' என்று சொல்லும் சின்ன வண்டு. அரை அங்குலம்கூட இருக்காது. எறும்பு போல, கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை பட்டையாக இருக்கும். செபராங் பிறை வயல்களில் நெல் அறுத்ததும் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் பறந்து வரும். இது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. தூக்கத்தில் நாம் நசுக்கும்போது அதன் உடம்பிலுள்ள நஞ்சு தோலில் படுகிறது. எரிச்சல் ஒரு நாள் கழித்தே தெரிவதால், பழி சிலந்தி மேல் விழுகிறது.

செய்ய வேண்டியவை:

1. வண்டு மேலே உட்கார்ந்தால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள்.

2. நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

3. படுக்கை அருகே விளக்கை அணையுங்கள், கொசுவலை கட்டுங்கள், படுக்குமுன் பாயை உதறுங்கள்.

4. கண்ணருகே கொப்புளம் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

இன்னொன்று: உடம்பின் ஒரே பக்கத்தில் கடும் வலியோடு வரிசையாகக் கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். காவி பூசிக்கொண்டு காத்திருக்காதீர்கள். மூன்று நாளுக்குள் வந்தால் மருந்து நன்றாக வேலை செய்யும்.

சிலந்தியை விட்டுவிடுங்கள். கரப்பானை அது பார்த்துக்கொள்ளும்!