காற்று நின்ற பிறகு

புயல் என்றதும் பறக்கிற கூரையும் சாய்ந்த மரமும்தான் நம் மனசுக்கு வரும். இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போவது அதற்கு அடுத்த நாளை. அடுத்த பதினொரு மாதத்தை என்றே சொல்லலாம்.

2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி கரீபியன் கடலில் உள்ள புவெர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். தீவு முழுக்க கரண்ட் போனது. எல்லா வீடுகளுக்கும் அது திரும்பி வர 2018 ஆகஸ்ட் ஆகிவிட்டது. இறந்தவர்கள் 64 பேர் என்றது அரசு. பிறகு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அடுத்த ஆறு மாத இறப்புகளை ஆராய்ந்து 2,975 என்று மதிப்பிட்டது. அரசும் அதை ஏற்றது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். புயல் போன பிறகு மருந்து கெட்டது, டயாலிசிஸ் தடைபட்டது, ஆக்சிஜன் இயந்திரம் நின்றது, ரோடு அடைபட்டது. பலரின் உயிரை எடுத்தது இதெல்லாம்தான்.

ஏன் இவ்வளவு நாள்? நான் மின்பொறியியல் படிக்கிறவன், அதனால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். அந்தத் தீவின் பெரிய மின்நிலையங்கள் பெரும்பாலும் தெற்குக் கரையில். அதிகம் மின்சாரம் கேட்கிற தலைநகர் சான் ஹுவான் வடக்கில். நடுவில் மலை. உயர் அழுத்தக் கம்பிகள் அந்த மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். பழுது பார்க்கும்போது முதலில் பெரிய கம்பி, பிறகு துணைமின்நிலையம், கடைசியில்தான் தெருக் கம்பி. மருத்துவமனைக்கும் நகரத்துக்கும் முன்னுரிமை. கணக்குப்படி அது சரிதான். ஆனா தலைக்கு மேலே கம்பி போகிற மலைக்கிராமம் வரிசையில் கடைசியாக நிற்கும். மின்வாரியமும் அந்த ஜூலையிலேயே திவால் மனு போட்டிருந்தது. தேவையான கம்பமும் கம்பியும் கையிருப்பில் இல்லை.

உத்துவாடோ என்ற மலை ஊரில் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. அங்கிருந்தவர்கள் ஆற்றுக்குக் குறுக்கே கம்பி கட்டி, சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியை அதில் தொங்கவிட்டு உணவும் தண்ணீரும் இழுத்தார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத டிசைன், ஆனா வேலை செய்தது!

பக்கத்து ஊர் அட்ஹுந்தாஸில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே காசா புவெப்லோ என்றொரு சமூக மையம் உண்டு. சுரங்கத் திட்டத்தை எதிர்க்க 1980-இல் தொடங்கியது. 1999-லேயே கூரையில் சோலார் தகடு போட்டுவிட்டார்கள். மரியா வந்து போன பிறகும் அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. ஜனங்கள் போன் சார்ஜ் பண்ண, மூச்சுக் கருவியைச் செருக, மருந்தைக் குளிரில் வைக்க அங்கே வந்தார்கள். மையம் ஆயிரக்கணக்கான சோலார் விளக்குகளை வீடுகளுக்குக் கொடுத்தது. பிறகு முடிதிருத்தும் கடைக்கும் மளிகைக்கடைக்கும் சோலார் வைத்துக் கொடுத்தது. முடிவெட்டும் கடையா என்று சிரிக்காதீங்க. கிளிப்பர் ஓடினால் ஒருவருக்குத் தொழில் திரும்புது, நாலு பேர் உட்கார்ந்து பேச இடமும் கிடைக்குது. 2022-இல் பியோனா சூறாவளி வந்து தீவு மறுபடியும் இருட்டானபோதும் சோலார் வைத்த இடங்களில் வெளிச்சம் இருந்தது.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சின்ன பிரிட்ஜ் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் போதும். சில தகடும் ஒரு பேட்டரியும் தருகிற அளவுதான் அது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு வேலை செய்துவிட்டு வாங்க. உங்க தாமானில் ஒரு வாரம் கரண்ட் இல்லையென்றால் யாருடைய மருந்து கெடும், யாருடைய இயந்திரம் நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதுங்கள். கோயில் மண்டபக் கூரையின் நீள அகலத்தையும் அளந்து வாங்க. இரண்டையும் வைத்து எத்தனை பிரிட்ஜ் ஓடும் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.